வஸிய்யத்: மறைவுக்குப் பின்னும் தொடரும் தர்மம்
புதுச்சேரி முஸ்லிம் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

"செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்ற பழமொழியை நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்தவர்கள். 17ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த வள்ளல் ஷைகு அப்துல் காதிர் மரைக்காயர்தான் அந்தச் சீதக்காதி. அவர் அடக்கமான பிறகு பரிசில் நாடி வந்த புலவர் ஒருவர் கப்ருக்கு அருகே நின்று புலம்ப, மோதிரம் அணிந்த கை வெளியே நீண்டது என்று மக்கள் கதை சொல்வார்கள்.

அந்தக் கதை அவருடைய கொடைக்கு மக்கள் செய்த மரியாதை. ஆனால் மார்க்கச் சட்டப்படி, ஒருவரின் உயிர் பிரிந்துவிட்டால் அவருடைய மோதிரம் முதல் வீடு வரை அனைத்திலும் வாரிசுகளின் உரிமை வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அதிலிருந்து பள்ளிவாசலுக்கோ மதரஸாவுக்கோ எடுத்துக் கொடுக்க வாரிசுகளைத் தவிர வேறு யாருக்கும் உரிமையில்லை. மறைவுக்குப் பின் தன் பொருளிலிருந்து தர்மம் சென்று சேர வேண்டும் என்று விரும்புபவர், உயிரோடு இருக்கும்போதே வஸிய்யத் செய்துவிட வேண்டும்.

நம் மஹல்லாக்களில் பல குடும்பங்களில் இது நடப்பதில்லை. "அத்தா அந்தக் கடையைப் பள்ளிக்குக் கொடுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க" என்று ஒரு மகன் சொல்வார். "என்னிடம் அப்படிச் சொல்லவில்லையே" என்பார் இன்னொருவர். மகள்களிடம் யாரும் கேட்பதே இல்லை. தர்மமும் நடக்காமல், உறவும் முறிந்து போகும். ஒரு தாளில் நான்கு வரி இருந்திருந்தால் இரண்டும் தப்பியிருக்கும்.

ஹிபா, வக்ஃபு, வஸிய்யத்

இந்த மூன்றையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்.

ஹிபா என்பது வாழும்போதே ஒரு பொருளைக் கொடுத்து, அதைக் கையிலும் ஒப்படைத்துவிடுவது. கொடுத்த உடனே அது பெற்றவருடையது.

வக்ஃபு என்பது ஒரு சொத்தை அல்லாஹ்வுக்காக நிரந்தரமாக ஒதுக்கி, அதன் வருமானத்தை மட்டும் நற்காரியத்துக்குச் செலவிடுவது. உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தைப் பற்றிக் கேட்டபோது, மூலத்தைத் தடுத்து வைத்து விளைச்சலைத் தர்மம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள் (புகாரி 2737). உடல்நலத்தோடு இருப்பவர் செய்யும் வக்ஃபுக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற வரம்பு இல்லை. ஆனால் செய்த பின் அதைத் திரும்பப் பெற முடியாது.

வஸிய்யத் என்பது மறைவுக்குப் பின் நடைமுறைக்கு வரும் ஏற்பாடு. தமிழில் உயில், மரண சாசனம் என்கிறோம். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை சொத்து அவருடையதே. விற்கலாம், வஸிய்யத்தை மாற்றலாம், ரத்து செய்யலாம். ஆகவே, "எழுதிவிட்டால் கைவிட்டுப் போய்விடுமே" என்ற அச்சத்துக்கு இங்கே இடமில்லை.

இன்னொரு செய்தியும் கவனத்துக்குரியது. மரணப் படுக்கையில் கிடப்பவர் செய்யும் ஹிபாவையும் வக்ஃபையும் மார்க்கம் வஸிய்யத்தின் வரம்புக்குள்தான் வைக்கிறது. கடைசி நேரத்தில் கைநாட்டு வாங்கி முழுச் சொத்தையும் மாற்றிவிட முடியாது.

மூன்றில் ஒன்று, அதுவும் அதிகமே

விடைபெறும் ஹஜ்ஜின்போது மக்காவில் கடுமையாக நோயுற்ற ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் நலம் விசாரிக்க வந்தார்கள். ஸஅத் (ரலி) செல்வந்தர். அப்போது அவருக்கு ஒரே மகள். மூன்றில் இரண்டு பங்கைத் தர்மம் செய்யட்டுமா என்று கேட்டார்; அனுமதி இல்லை. பாதி? அதற்கும் இல்லை. மூன்றில் ஒன்று? அதற்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அதுவே அதிகம் என்றும், வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும் நிலையில் விடுவதைவிடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வதே சிறந்தது என்றும் நபியவர்கள் விளக்கினார்கள். ஸஅத் (ரலி) குணமடைந்தார். பின்னர் அவருக்குப் பல பிள்ளைகள் பிறந்தனர்.

இந்தச் சம்பவத்தை வைத்து, மூன்றில் ஒன்றிலிருந்து நான்கில் ஒன்றாகக் குறைத்துக்கொண்டால் நல்லது என்று இப்னு அப்பாஸ் (ரலி) கருதினார்கள் (புகாரி 2743). இந்தக் கால் பங்குக் கருத்துக்குப் புதுச்சேரியில் ஒரு தனிப் பயன் உண்டு. அதைப் பின்னர் பார்ப்போம்.

எதற்கு முன் எது?

மய்யித்தின் பொருளில் முதல் உரிமை கஃபன், அடக்கச் செலவுக்கு. அடுத்தது கடன். மனைவிக்குக் கொடுபடாத மஹரும் கடன்தான். அதற்குப் பின் எஞ்சியதில்தான் மூன்றில் ஒன்று கணக்கிடப்படும். கடைசியாக வாரிசுப் பங்கீடு. குர்ஆன் 4:11, 12 வசனங்களில் வஸிய்யத் கடனுக்கு முன்னால் குறிப்பிடப்பட்டாலும், நபியவர்கள் கடனையே முதலில் தீர்க்கச் சொன்னார்கள். மக்கள் அலட்சியமாக விட்டுவிடுவது வஸிய்யத்தைத்தான் என்பதால் அது முன்னால் கூறப்பட்டது என்று அறிஞர்கள் விளக்குவர்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் 42 லட்சம் ரூபாய் மதிப்புள்ள சொத்தை விட்டுச் செல்கிறார். அடக்கச் செலவும் கடனும் 3 லட்சம், மஹர் பாக்கி 3 லட்சம். மீதி 36 லட்சம். அவர் வஸிய்யத் செய்யக்கூடிய உச்ச அளவு 12 லட்சம். வாரிசுகள் மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள்.

12 லட்சத்தையும் தர்மத்துக்கு எழுதியிருந்தால் மீதி 24 லட்சம். மனைவிக்கு எட்டில் ஒன்றாக 3 லட்சம், மகனுக்கு 10.5 லட்சம், மகள் ஒவ்வொருவருக்கும் 5.25 லட்சம்.

4 லட்சம் மட்டும் எழுதியிருந்தால் மீதி 32 லட்சம். மனைவிக்கு 4 லட்சம், மகனுக்கு 14 லட்சம், மகள் ஒவ்வொருவருக்கும் 7 லட்சம்.

எந்த அளவு என்பதைக் குடும்பத்தின் நிலை தீர்மானிக்கட்டும். கல்யாணத்துக்குக் காத்திருக்கும் மகளும் சொந்த வீடில்லாத மனைவியும் இருக்கும்போது உச்ச அளவை எழுதுவது சிறப்பல்ல. பிள்ளைகள் நல்ல நிலையில் இருந்தால் தயங்க வேண்டியதும் இல்லை.

மூன்றில் ஒன்றைத் தாண்டி எழுதினால், அதிகப்படியான பகுதி வாரிசுகள் சம்மதித்தால்தான் செல்லும். அந்தச் சம்மதம் மரணத்துக்குப் பிறகு தரப்பட வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. சம்மதித்தவரின் பங்கு மட்டுமே குறையும். மறுத்தவரின் பங்கைத் தொட முடியாது. யாரும் சம்மதிக்கவில்லை என்றால் எல்லா தர்மங்களும் விகிதப்படி குறைக்கப்படும். மேலே சொன்னவரே பள்ளிக்கு 9 லட்சம், அனாதை மாணவர்களுக்கு 6 லட்சம், ஏழை நோயாளிகளுக்கு 3 லட்சம் என்று 18 லட்சம் எழுதியிருந்தால், அவை 6, 4, 2 லட்சங்களாக மாறி 12 லட்சத்துக்குள் அடங்கும்.

நம் பகுதியில் ஷாஃபி, ஹனஃபி இரு மத்ஹபினரும் இருக்கிறோம். கடமையாகியும் நிறைவேற்றாமல் விட்ட ஹஜ், கொடுக்காமல் விட்ட ஜகாத் ஆகியவை ஷாஃபி மத்ஹபில் கடன் போன்றவை. வஸிய்யத் செய்யாவிட்டாலும் முழுச் சொத்திலிருந்து முதலில் எடுக்கப்படும். ஹனஃபி மத்ஹபில் அவற்றுக்காக வஸிய்யத் செய்திருந்தால்தான் வாரிசுகள் மீது கடமையாகும். அதுவும் மூன்றில் ஒன்றிலிருந்துதான். எனவே பதலி ஹஜ், ஜகாத் பாக்கி, நோன்பின் ஃபித்யா இருப்பவர்கள், குறிப்பாக ஹனஃபிகள், உபரியான தர்மங்களுக்கு முன் இவற்றை எழுதிவிட வேண்டும்.

யாருக்கு எழுதலாம்?

வாரிசுக்கு வஸிய்யத் இல்லை என்பது நபிமொழி (அபூதாவூத் 2870, திர்மிதி 2120). ஒரு மகனுக்கு மட்டும் கூடுதலாக எழுதினால், மற்ற வாரிசுகள் ஏற்றால்தான் அது செல்லும். தர்மத்தின் பெயரால் வாரிசுகளைப் பழிவாங்குவதும் கூடாது. வஸிய்யத் தீங்கு விளைவிப்பதாக இருக்கக் கூடாது என்று 4:12 வசனம் எச்சரிக்கிறது.

வாரிசு அல்லாத உறவினர், வளர்ப்புப் பிள்ளை, முஸ்லிம் அல்லாத அண்டை வீட்டார், உங்களைப் பராமரித்த பணிப்பெண், பள்ளிவாசல், மதரஸா, மருத்துவமனை, கல்வி அறக்கட்டளை என எவருக்கும் எழுதலாம்.

இவர்களில் முதலில் நினைக்க வேண்டியவர்கள் தந்தையை இழந்த பேரப்பிள்ளைகள். மகன் உங்களுக்கு முன்பே இறந்து, வேறு மகன்கள் உயிரோடு இருந்தால், இறந்தவரின் பிள்ளைகளுக்கு வாரிசுப் பங்கு வராது. அந்த இடைவெளியை நிரப்ப வஸிய்யத்துக்கு நிகரான வழி இல்லை. எகிப்து 1946இல் 71ஆம் எண் சட்டத்தின் மூலம் இத்தகைய பேரப்பிள்ளைகளுக்கு வஸிய்யத்தைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லை; தாத்தாவும் பாட்டியும் தாமாக எழுதினால்தான் உண்டு.

பெண்களுக்கும் இதே உரிமை முழுமையாக உண்டு. நகை, மஹர், தாய்வீட்டுப் பங்கு, சம்பாத்தியம் எல்லாம் அவர்களுடைய சொந்தப் பொருள். அவற்றில் வஸிய்யத் செய்யக் கணவரின் அனுமதி தேவையில்லை.

புதுச்சேரியின் தனி நிலை

பிரெஞ்சு ஆட்சி புதுச்சேரியில் 1819 ஜனவரி 6ஆம் நாள் வெளியிட்ட ஆணை, இந்தியர்களுக்கு அவரவர் சட்ட வழக்கப்படியே தீர்ப்பு என்று உறுதியளித்தது. முஸ்லிம்களும் அதில் குறிப்பிடப்பட்டிருந்தனர். 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை, விரும்பியவர்கள் தங்கள் தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் செல்ல வழி செய்தது. அப்படிச் சென்றவர்களும் அவர்கள் வழித்தோன்றல்களும் 'ரெனோன்சான்' எனப்படுகின்றனர்.

ஆட்சி 1954 நவம்பர் 1இல் கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் நிறைவேறியது. பின்னர் 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் 1968ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் மூலம் புதுச்சேரிக்கு விரிவாக்கப்பட்டது. ஆனால் அது ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று விலக்கும் வைக்கப்பட்டது. எனவே குடும்பத்தில் அப்படியொரு பழைய பதிவு இருந்தால், எதையும் எழுதுமுன் இவ்விஷயம் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்க வேண்டும். பிரெஞ்சுக் காலத்தில் நோத்தேர் முன்பு எழுதப்பட்ட பழைய பத்திரங்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

இரண்டாவது, பிரெஞ்சுக் குடியுரிமை. 1962இல் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு மக்களுக்குத் தரப்பட்டது. அதனால் இன்று ஒரே குடும்பத்தில் அண்ணன் இந்தியர், தம்பி பிரெஞ்சுக்காரர் என்ற நிலை இங்கே சாதாரணம். பிரான்சில் குடியிருப்பவர் இறந்தால், 2015 ஆகஸ்ட் 17 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய விதிப்படி, பொதுவாகப் பிரெஞ்சு வாரிசுச் சட்டமே பார்க்கப்படும். அந்தச் சட்டம் பிள்ளைகளுக்கென்று ஒரு பகுதியைக் கட்டாயமாக ஒதுக்குகிறது. ஒரு பிள்ளை இருந்தால் சொத்தில் பாதி, இருவர் இருந்தால் மூன்றில் ஒன்று, மூவரோ அதற்கு மேலோ இருந்தால் நான்கில் ஒன்றுதான் விருப்பப்படி எழுதக்கூடியது.

அதாவது மூன்று பிள்ளைகள் உள்ளவர் ஷரீஅத் அனுமதித்த மூன்றில் ஒன்றை அப்படியே எழுதினால், பிரான்சில் அது வரம்பை மீறியதாகிவிடும். கால் பங்குக்குள் நிறுத்திக்கொண்டால் பிள்ளைகள் எத்தனை பேராக இருந்தாலும் இரு சட்டத்துக்கும் அடங்கும். இப்னு அப்பாஸ் (ரலி) சொன்ன அளவு இங்கே பாதுகாப்பான அளவாகவும் அமைகிறது. இந்தியாவில் உள்ள வீடு, மனைக்கு இந்திய நீதிமன்றங்கள் இந்தியச் சட்டத்தையே பார்க்கும் என்பதால், இரு நாட்டுச் சொத்துக்கும் தனித்தனியாக எழுதுவது நல்லது. ஒன்று மற்றொன்றை ரத்து செய்யாது என்ற வரியும் இரண்டிலும் இருக்கட்டும்.

எழுதும் முறையும் வேறுபடும். பிரான்சில் தனியாக எழுதும் உயில் முழுவதும் சொந்தக் கையெழுத்தில், தேதியோடும் ஒப்பத்தோடும் இருக்க வேண்டும். தட்டச்சு செய்து ஒப்பமிட்டால் செல்லாது. இல்லையென்றால் நோத்தேர் மூலம் எழுத வேண்டும்.

மூன்றாவது, பலருக்கும் தெரியாத சிக்கல். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர் இங்குள்ள ஓர் அமைப்புக்குப் பணம் எழுதி வைத்தால், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி அது வெளிநாட்டுப் பங்களிப்பு. அவர் புதுச்சேரியிலேயே வசித்தாலும், ரூபாயில் கொடுத்தாலும், ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் அப்படித்தான். பெறும் அமைப்பு அந்தச் சட்டத்தின் கீழ் பதிவோ அனுமதியோ பெற்று, பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் அதற்கென உள்ள கணக்கில்தான் பணத்தைப் பெற முடியும். இல்லாவிட்டால் ஜமாஅத் நிர்வாகிகள் வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் திண்டாடுவார்கள். முன்கூட்டியே கேட்டு, பதிவுள்ள அமைப்பின் பெயரை எழுதுவதே வழி.

வக்ஃபாக எழுத விரும்பினால்

பழைய காலத்தில் வாய்மொழியாலும் நீண்ட காலப் பயன்பாட்டாலும் வக்ஃபு நிலைபெற்றது. 2025 ஏப்ரல் 8இல் நடைமுறைக்கு வந்த வக்ஃபு திருத்தச் சட்டம், இனி வக்ஃபு பத்திரம் எழுதாமல் புதிய வக்ஃபு உருவாகாது என்கிறது. வக்ஃபு செய்பவர் ஐந்து ஆண்டுகள் இஸ்லாத்தைப் பின்பற்றியவர் என்று காட்ட வேண்டும் என்ற நிபந்தனையை, அதற்கான விதிகள் வகுக்கப்படும்வரை, உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 15இல் இடைக்கால உத்தரவால் நிறுத்தி வைத்தது. ஆகவே, "என் வீட்டை வக்ஃபாக்கிவிடுங்கள்" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போவது இன்று போதாது. கடையையோ மனையையோ வக்ஃபாக்க நினைப்பவர் வாழும்போதே பத்திரம் எழுதிப் பதிவு செய்வதே உறுதியான வழி. வஸிய்யத்தில் ரொக்கத் தொகையை எழுதலாம்.

நிர்வாகியைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். புதுச்சேரியைப் போலவே பிரெஞ்சு ஊராக இருந்த சந்தன்நகருக்குப் பக்கத்தில் உள்ளது ஹூக்ளி. அங்கே ஹாஜி முஹம்மது முஹ்ஸின் 1806இல் தம் பெருஞ்சொத்தை வக்ஃபு செய்தார். வருமானத்தை ஒன்பது பங்காக்கி, மூன்றை மார்க்கக் காரியங்களுக்கும், நான்கை உதவித்தொகைகளுக்கும் தர்மத்துக்கும், இரண்டை இரு முத்தவல்லிகளுக்கும் ஒதுக்கினார். 1812இல் அவர் மறைந்த பின் முத்தவல்லிகள் மீது முறைகேட்டுப் புகார் எழுந்து, நிர்வாகம் அரசின் கைக்குப் போனது. ஆயினும் பத்திரம் தெளிவாக இருந்ததால் சொத்து அழியவில்லை. 1836இல் ஹூக்ளிக் கல்லூரி அந்த நிதியிலிருந்து எழுந்தது. இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எழுதுவது எப்படி?

இந்தியச் சட்டத்தில் முஸ்லிமின் வஸிய்யத்துக்குக் குறிப்பிட்ட வடிவம் கட்டாயமில்லை, வாய்மொழியும் செல்லும். ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் முழுவதும் அதைச் சொல்பவர் தலையில் விழும். ஆகவே:

1. உங்கள் பெயர், தந்தை பெயர், முகவரி, தேதி எழுதுங்கள். முந்தைய வஸிய்யத் இருந்தால் அதை ரத்து செய்வதாகக் குறிப்பிடுங்கள்.

2. கொடுக்க வேண்டிய கடன், மஹர் பாக்கி, பிறர் ஒப்படைத்த அமானிதங்கள், உங்களுக்கு வர வேண்டிய தொகை ஆகியவற்றை முதலில் பட்டியலிடுங்கள்.

3. சொத்து விவரம்: பத்திர எண், வங்கிக் கணக்கு, நகையின் எடை. வங்கியில் நாமினி போட்டிருப்பது பணத்தைப் பெற்றுக்கொள்ளத்தான். நாமினியே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. நாமினி வஸிய்யத்துக்கு மாற்றும் ஆகாது.

4. தர்மத் தொகையை எழுதி, "எக்காரணத்தாலும் நிகரச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது" என்று சேருங்கள். சொத்து மதிப்பு ஏறி இறங்கினாலும் வஸிய்யத் நிற்கும்.

5. பெறுபவரின் பதிவுப் பெயரையும் முகவரியையும் எழுதுங்கள். "நம்ம பள்ளிக்கு" என்று எழுதினால் காஜியார் வீதிப் பள்ளியா, முல்லா வீதிப் பள்ளியா என்று பின்னால் கேள்வி எழும். அந்த அமைப்பு இல்லாமல் போனால் யாருக்கு என்பதையும் சொல்லுங்கள்.

6. குடியிருக்கும் வீட்டில் பிரிக்கப்படாத பங்கை எழுதுவதைத் தவிருங்கள். விதவையும் பள்ளிவாசலும் ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் ஆவது இருவருக்கும் தொல்லை. பணமாகவோ தனியாகப் பிரிக்கக்கூடிய பொருளாகவோ எழுதுங்கள்.

7. நிறைவேற்றுபவராக ஒருவரையும், அவருக்கு மாற்றாக ஒருவரையும் அவர்களைக் கேட்டுவிட்டு நியமியுங்கள். இவரே வஸீ.

8. நம்பகமான இருவர் சாட்சியாக ஒப்பமிடட்டும். வஸிய்யத்துக்கு இரு சாட்சிகளை 5:106 வசனம் சொல்கிறது. பலன் பெறுபவர் சாட்சியாக வேண்டாம்.

9. பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது பிற்காலச் சண்டையைக் குறைக்கும். உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது. மூடி முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் வழி செய்கிறது.

10. எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதை இரண்டு பேருக்காவது சொல்லுங்கள். பூட்டிய பீரோவில் யாருக்கும் தெரியாமல் கிடக்கும் வஸிய்யத்தால் பயனில்லை.

சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் என்பதால், அவர்கள் தனியாக ஆலோசனை பெற வேண்டும். மற்றவர்களும் எழுதிய வரைவை ஓர் ஆலிமிடமும் ஒரு வழக்கறிஞரிடமும் ஒருமுறை காட்டிவிடுவது நலம்.

இரண்டு இரவுகள்

வஸிய்யத் செய்ய ஏதேனும் இருக்கும் ஒரு முஸ்லிம், அது எழுதப்பட்டுத் தன்னிடம் இல்லாத நிலையில் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி 2738). அதில் வயதானவர், நோயாளி, பணக்காரர் என்ற பிரிவு எதுவும் இல்லை.

பிள்ளைகளை உட்கார வைத்து, "இவ்வளவு உங்களுக்கு, இவ்வளவு அல்லாஹ்வின் பாதையில்" என்று இன்றே பேசிவிடுங்கள். அவர்கள் அறிந்து மனம் ஒப்பிய தர்மம் தடையின்றி நிறைவேறும். மனிதன் இறந்த பின்னும் நன்மை தொடரும் மூன்று வழிகளில் ஒன்று நிலையான தர்மம்; மற்றொன்று பெற்றோருக்காகத் துஆச் செய்யும் நல்ல பிள்ளை. நீதியோடு எழுதிய வஸிய்யத் இரண்டுக்கும் வழி திறக்கும்.

நம் கடன்களைத் தீர்த்துவிட்டு, வாரிசுகளின் உரிமையைக் காத்து, ஏற்றுக்கொள்ளப்பட்ட தர்மத்தோடு விடைபெறும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.